கார்ட்டில் இன்னொரு கை

நான் கார்ட்டில் போட்டிருந்தது ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டு. மறுநாள் காலையில் ஆப்பைத் திறந்தபோது அது இரண்டாகியிருந்தது.

விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கழித்தல் குறியைத் தொட்டு மறுபடி ஒன்றாக்கிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் ஆப்பைத் திறந்தேன். இரண்டு என்று இருந்தது.

திருநெல்வேலியில் கணவர் வீட்டைவிட்டு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெருவில் மாடியில் ஓர் அறையும் சின்னச் சமையலறையும். கீழே வீட்டுக்கார மாமியும் அவர் கணவரும். தம்பானூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் பார்த்த அதே வேலைதான், நடுவில் எட்டு வருடம் விட்டுப்போயிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். யார் கேட்டாலும் எர்ணாகுளம் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். பழைய சிம்மைக் கழற்றி எறிந்து புது நம்பர் வாங்கினேன். புது வங்கிக் கணக்கு தொடங்கினேன். படம் போடும் தளங்களிலிருந்தெல்லாம் விலகினேன். ஒளிந்துகொள்ள வேண்டியவள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாமான் வாங்கும் ஆப் அந்த யோசனைக்குள் வரவேயில்லை. அது வெறும் கடை. கடையிலிருந்து யாராவது ஒளிவார்களா? புது போனில் அதை இறக்கி, என் மின்னஞ்சலையும் பழைய பாஸ்வேர்டையும் போட்டதும் என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. நான் முன்பு பார்த்த புடவைகள், என் செருப்பின் அளவு, எனக்கு ஒத்துக்கொள்ளும் சோப்பு எல்லாம் அதற்கு ஞாபகம் இருந்தன. வெறும் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. புது முகவரியைச் சேர்த்தேன். வலியசாலையில் தெருக்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதால் டெலிவரிக்காரர் திண்டாடக் கூடாது என்று, கோயில் மதிலை ஒட்டித் திரும்பும் சந்து, பச்சைக் கேட், பக்கவாட்டில் இரும்புப் படி, பெல் வேலை செய்யாது, கீழிருந்து கூப்பிடவும் என்று விவரமாக எழுதினேன். புது நம்பரையும் போட்டேன்.

அந்தக் கணக்கைக் கல்யாணமான புதிதில் நான்தான் தொடங்கினேன். பெயர் என்னுடையது, மின்னஞ்சல் என்னுடையது. மொபைல் நம்பர் மட்டும் அவருடையது. உனக்கு எதற்கு இந்த ஓடிபித் தொந்தரவெல்லாம், என் நம்பரையே கொடு என்றார். கொடுத்தேன். வீட்டில் ஒரு டேப்லெட் இருந்தது. அவர் கிரிக்கெட் பார்ப்பதற்காக வாங்கியது. அதிலும் அந்தக் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் அடித்ததில்லை. குடித்ததில்லை. குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நான் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரம், அம்மாவுக்குப் போன் செய்த நேரம், மத்தியானம் எதைப் படித்தேன் என்பது, எல்லாமே. சாப்பிடும்போது சாதாரணமாக ஆரம்பிப்பார். இன்றைக்குத் தோள்பை பார்த்தாய் போலிருக்கிறதே, எங்கே போகப் போகிறாய்? நான் ஒன்றுமில்லை, சும்மா பார்த்தேன் என்பேன். மறுநாள் அந்தத் தோள்பை கார்ட்டில் இருக்காது. படிக்கும் விளக்கு ஒன்று போட்டு வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. வாங்க வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. எடுத்துவிடுவார், நானும் கேட்க மாட்டேன்.

ஒரே ஒருமுறை அதற்காக நான் அவருக்கு நன்றியோடு இருந்திருக்கிறேன். நான் உண்டாகியிருந்த நேரம் அது. யாரிடமும் சொல்வதற்கு முன்பே நான் அந்தக் கார்ட்டிடம்தான் சொன்னேன். சின்னச் சட்டைகள், கொசுவலை வைத்த குட்டி மெத்தை, விரலளவு காலுறைகள். வாங்கவில்லை, சேர்த்து வைத்தேன். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் பயந்து பயந்து தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் திறந்தேன். கார்ட் காலியாக இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று அது அன்புதான். இப்போதும் அதை வேறு பெயர் சொல்லி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆப்புக்கு மட்டும் விஷயம் தெரியவில்லை. அது மாதக் கணக்கை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது. பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் டயப்பர் காட்டியது. அதற்கப்புறம் பல் முளைக்கும் குழந்தை கடிக்கிற ரப்பர் வளையம். அதற்கப்புறம் முதல் செருப்பு, நடந்தால் சத்தம் போடுவது. எனக்கு ஒரு குழந்தை வளர்ந்துகொண்டிருப்பதாக நம்பிய ஒரே இடம் அதுதான். நிறுத்தச் சொல்ல அதில் எங்கே தொட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் தோன்றவில்லை.

வீட்டைவிட்டு வந்ததற்கு அது காரணம் இல்லை. ஒரே ஒரு காரணமும் இல்லை. ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, இன்று நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கு முன்னால் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. வாய் கொப்பளித்த பிறகும் அது போகவில்லை. அதிலிருந்து சில மாதத்தில் கிளம்பிவிட்டேன்.

தட்டு இரண்டான மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நல்ல மழை. துலாவர்ஷம், நம் ஊர் ஐப்பசி மழை, பிடித்துவிட்டது என்று மாமி சொன்னார். தம்பானூரில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. நனைந்துகொண்டே வீடு வந்து, துணி மாற்றிக்கொண்டு, போனை எடுத்தேன். கார்ட்டில் ஒரு குடை இருந்தது. கறுப்பு, மூன்றாக மடிக்கிற வகை, பெண்களுக்கானது. நான் போடவில்லை. திருநெல்வேலியில் அன்று மழை உண்டா என்று போனிலேயே பார்த்தேன். அங்கே பகல் முழுக்க வெயில்.

ஈரத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யார் போட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தட்டு ஏன் இரண்டானது என்பதும் புரிந்தது. முதலில் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டேன். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. பிறகு முகவரிப் பட்டியலைத் திறந்து வலியசாலை முகவரியை அழித்தேன். தட்டை எடுத்தேன். குடையை எடுத்தேன். கார்ட் காலியாகிவிட்டது என்று ஆப் சொன்னது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபடி ஏதாவது வந்து விழும் என்று.

அழித்ததில் பயனில்லை என்பது இரண்டு நாளில் தெரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் கீழே பச்சைக் கேட்டுக்கு வெளியிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டெலிவரிக்காரர். "சேச்சி, ஒரு பார்சல் உண்டு. பைசா அடச்சதா, ஒப்பு மட்டும் மதி," என்றார். பணம் கட்டியாயிற்றாம், கையெழுத்துப் போட்டால் போதுமாம். நான் எதுவும் ஆர்டர் செய்யவில்லை, திருப்பிக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் பார்சலைத் திருப்பி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். என் பெயர். என் புது நம்பர். கோயில் மதில், சந்து, பச்சைக் கேட், இரும்புப் படி, நான் எழுதின ஒவ்வொரு வார்த்தையும். இது நீங்கள்தானே என்று கேட்டார். நான்தான் என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே குடை இருந்தது.

நான் அழிப்பதற்கு முன்பே அவர் எழுதி எடுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும். எப்போது என்று தெரியாது. நான் அந்த விவரங்களை எழுதிக்கொண்டிருந்தபோது டேப்லெட்டில் அவை வந்து சேர்வதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கவும் கூடும்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. பக்கத்து இருக்கைக்காரி என்னைவிட இளையவள், கரமனைக்காரி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு டீக்கு அழைத்துப்போனாள். நான் அதுவரை யாரிடமும் சொல்லாததை டீக்கடை பெஞ்சில் வைத்து அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே இது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றியது. கணவர் குடை அனுப்பினார். அதற்கா இப்படி?

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, ஆத்யம் அந்த அக்கவுண்டைக் களையுங்கோ," என்றாள். ஆத்யம் என்றால் முதலில், களைவது என்றால் அவர்கள் பேச்சில் தூக்கி எறிவது. "அது உங்க பேர்லே இருக்கே தவிர உங்க கையிலே இல்லே."

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஆவணங்கள் அடுக்கிவைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து முயற்சி செய்தோம். மொபைல் நம்பரை மாற்றலாம் என்றால், பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதைத் தொட்டால் அதற்கும் ஓடிபி. பாஸ்வேர்டை மாற்றவும் அதுவேதான். கணக்கை நிரந்தரமாக மூட வேண்டுமென்றால் ஓடிபியோடு காரணமும் கேட்டது. ஒவ்வொரு திரையிலும் கீழே சின்ன எழுத்தில், உங்கள் தகவல்களின் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் போட்டிருந்தது. நாங்கள் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு தடவையும் திருநெல்வேலியில் அவருடைய சட்டைப் பையில் போன் ஒலித்திருக்கும். அதை நினைத்ததும் நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள்தான் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யச் சொன்னாள்.

தமிழில் பேச எண்ணை அழுத்திக் காத்திருந்ததும் ஒரு பையன் குரல் வந்தது. பணிவான குரல். என் பெயரைச் சொன்னான், நான் வாடிக்கையாளராகி இத்தனை வருடம் ஆனதற்கு நன்றி சொன்னான். கணக்கில் இருக்கும் நம்பர் என்னுடையது இல்லை, மாற்ற வேண்டும் என்றேன். சரி மேடம், அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால் போதும் என்றான். அந்த நம்பர் என்னிடம் இல்லை என்றேன். யாரிடம் இருக்கிறது என்றான். கணவரிடம் என்றேன். அப்படியானால் சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று, மிகச் சுலபமான ஒரு வழியைச் சொல்லிவிட்ட திருப்தியோடு காத்திருந்தான்.

நான் அவரை விட்டு வந்துவிட்டேன் என்று ஓர் அந்நியனிடம் சொன்னேன். அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அவ்வளவு நேராகச் சொன்னதில்லை. அந்தக் கணக்கின் வழியாக அவர் என் முகவரியைப் பார்க்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"புரியுது மேடம். ஆனா உங்க டேட்டாவோட சேஃப்டிக்காகத்தான் இந்த ரூல். ஓடிபி இல்லாம யாருக்கும் அக்சஸ் தர முடியாது. நீங்க புது போன்ல லாகின் பண்ணப்பவே ரிஜிஸ்டர்ட் நம்பருக்கு அலர்ட் அனுப்பியிருக்கோம் மேடம், உங்க பாதுகாப்புக்காக."

அப்படியென்றால் முதல் நாளே. வெறும் அறையில் உட்கார்ந்து, என் செருப்பின் அளவை அது மறக்கவில்லை என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே அவருக்குச் செய்தி போயிருக்கிறது.

"யார்கிட்ட இருந்து பாதுகாக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளியாளுங்ககிட்ட இருந்து மேடம்," என்றான்.

அவனாகவே, ஒருமுறை ஓடிபி அனுப்பிப் பார்க்கிறேன், சார் பார்த்துவிட்டுச் சொன்னாலும் சொல்லலாம், பத்து நிமிடம் செல்லும், லைனிலேயே இருங்கள் என்றான். வேண்டாம் என்பதற்குள் அனுப்பிவிட்டான். ஏதோ பாட்டு ஓடத் தொடங்கியது. பக்கத்து இருக்கைக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிவதற்குள் என் போன் அதிர்ந்தது. செய்தி. பெயர் இல்லாத நம்பர். ஆனால் எனக்கு மனப்பாடமான நம்பர். ஆறு இலக்கங்கள். அதற்குக் கீழே ஒரு வரி: "கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே."

என் புது நம்பர் அவரிடம் இருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது. முகவரியோடு நானேதான் போட்டிருந்தேன். அவள் செய்தியைப் படித்தாள். "சொல்லுங்கோ அக்கா. யார் தந்தாலும் நம்பர் நம்பர்தான். சொல்லிடுங்கோ," என்று காதோடு சொன்னாள். அந்த ஆறு எண்களை நான் வாய்விட்டுச் சொன்னால் அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் வெளியே போகிறேன் என்றாகும். சொல்லாவிட்டால் உள்ளேயே இருப்பேன். அவருக்கு இது தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்.

பையன் லைனுக்குத் திரும்பினான். கிடைத்ததா மேடம் என்றான். நான் எண்களைப் படித்தேன். "வெரிஃபை ஆயிடுச்சு மேடம்," என்றான், உண்மையிலேயே சந்தோஷப்பட்டவனாக. என் புது நம்பரைக் கணக்கில் ஏற்றினான். மற்றக் கருவிகளிலிருந்து வெளியேற்றினான். பழைய ஆர்டர்களில் இருக்கும் முகவரியை அழிக்க முடியுமா என்றதற்கு, அதை அவனால் தொட முடியாது, விற்பனைப் பதிவுகளைச் சட்டப்படி சில காலம் வைத்திருக்க வேண்டும், ஆனால் பத்திரமாக இருக்கும் என்றான்.

அன்று சாயங்காலமே அடுத்த செய்தி வந்தது. "மாத்திட்டியா? நல்லது. ஞாயித்துக்கிழமை வாரேன்."

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குக் கோவையாக ஞாபகமில்லை. கரமனைக்காரி தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னாள். போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் வருவார், நான் இல்லாவிட்டால் மாமியிடம் பேசுவார், மறுபடி வருவார். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. வெள்ளிக்கிழமை துணி அடுக்கினேன். சனிக்கிழமை எடுத்துக் கொடியில் போட்டேன். வருவதானால் பகலில், நான் இருக்கும்போது வரட்டும் என்று தீர்மானித்தேன். அது தைரியத்தில் எடுத்த தீர்மானம் இல்லை. ஓடுவதற்கு இடம் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் மாமி படியேறி வந்தார். அவர் இப்படி மேலே வந்ததே இல்லை, முழங்கால் வலி. "உங்காத்துக்காரர் வந்திருக்கார்டி. கீழே உக்காத்தி வெச்சு காபி குடுத்திருக்கேன். எத்தனை மரியாதையா பேசறார். நீ ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலே?" என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். என் கணவர் வந்து அரை மணி நேரத்துக்குள் மாமி அவர் பக்கம் போயிருந்தார். எங்கே போனாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது, என் அம்மா உட்பட.

கீழே போனேன். அவர் இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. என் பழைய கண்ணாடி, மாத்திரை டப்பா, நான் விட்டு வந்த ஸ்வெட்டர் எல்லாம் அதில் இருந்தன. மாமியின் எதிரே பேச வேண்டாம் என்று தெருவுக்கு நடந்தேன். கோயில் முன்னால் பூ விற்கிறவர்களும் வண்டிகளுமாக ஆட்கள் இருந்தார்கள். அங்கே நின்றேன்.

"எதுக்கு இப்படி நின்னுட்டுப் பேசணும்? நான் என்ன இழுத்துட்டுப் போகவா வந்திருக்கேன்? பாக்கத்தான் வந்தேன்," என்றார்.

பார்த்தாயிற்று, இனிமேல் வர வேண்டாம் என்றேன். சாமான் எதுவும் அனுப்ப வேண்டாம், போன் செய்ய வேண்டாம். மறுபடி வந்தால் போலீஸில் சொல்வேன். வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்ததால் வார்த்தைகள் வரிசையாக வந்தன. என் குரல்தான் எனக்கே யாருடையதோ என்று கேட்டது.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் சிரித்தார். "என்னன்னு சொல்லுவே? மழைல நனையாம இருக்கட்டும்னு குடை அனுப்பினாம்னா? ஓடிபி கேட்டதும் உடனே தந்தாம்னா? சொல்லிப் பாரு. உனக்கே சிரிப்பு வரும்."

அதுதான் உண்மையும். நான் டீக்கடை பெஞ்சில் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அவர் பையை என் காலடியில் வைத்துவிட்டு, மாமியிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று திரும்பி நடந்தார். அந்தப் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி வேண்டியிருந்தது.

அடுத்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கீழே மாமா மாமியோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். மாமாவுக்குத் திருநெல்வேலி அல்வா, மாமிக்கு முழங்காலுக்குத் தைலம். மேலே நான் கதவைச் சாத்திக்கொண்டு அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் அறைக்கு இருந்த ஒரே வழியான அந்த இரும்புப் படி அவர்கள் வாசலுக்கு எதிரேதான் இறங்கியது. துவைத்த துணியைக் காயப்போட வெளியே வரவும் மனமில்லாமல், அறைக்குள்ளேயே கயிறு கட்டிப் போட்டேன். ஞாயிறு முழுக்க அறை ஈர வாடை அடித்தது.

நான்காம் வாரத் திங்கட்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கரமனைக்காரி என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே பெண்களுக்கென்று ஓர் உதவி மேசை இருந்தது. நடுத்தர வயதுப் போலீஸ்கார அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் தமிழும் அரைகுறை மலையாளமுமாகச் சொன்னேன். தட்டையும் சொன்னேன், குடையையும் சொன்னேன், சொல்லிக்கொண்டே அவர் எப்போது சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. குடை என்ன நிறம் என்றெல்லாம் கேட்கவுமில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பிக் கேட்டார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாயா? சொன்னேன் என்றேன். யாராவது கேட்டார்களா? கோயில் முன்னால் ஆட்கள் இருந்தார்கள் என்றேன்.

"வேண்டான்னு பறஞ்சிட்டும் வந்தோ?"

"வந்தார்."

"அது மதி," என்றார். அது போதும். அவர் அனுப்பிய சாமான் நல்லதா கெட்டதா என்பது தனக்குத் தேவையில்லை என்று மலையாளத்தில் சொன்னார். நீ வேண்டாம் என்றாய், அவர் வந்தார். மேசைமேல் இருந்த போனை எடுத்து, நான் சொல்லச் சொல்ல என் கணவரின் நம்பரைப் போட்டார். நான் வெளியே போய் நிற்கட்டுமா என்றேன். இங்கேயே இரு என்றார்.

அந்தப் பக்கம் அவர் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. நிறையப் பேசினார் என்பது தெரிந்தது. போலீஸ்கார அம்மா நடுநடுவே ம், ம் என்றார். கடைசியில், அதெல்லாம் சரி, இனி இந்த ஊருக்கு இவளைப் பார்க்க வந்தால் என்னை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று மெதுவான குரலில் சொல்லி வைத்துவிட்டார். எட்டு வருடத்தில் அவரை அவ்வளவு மெதுவாகப் பேசி நிறுத்திய ஒருவரை நான் பார்த்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் எனக்கு அழுகை வந்தது. நடந்ததற்காக இல்லை. சொன்னால் ஒருவருக்கு விளங்கும்படியான விஷயம்தான் இது என்பதற்காக.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. மாமி சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பாவம், அந்த மனுஷன் என்று ஒருமுறை சொன்னார். நான் எதையும் விளக்கவில்லை. தை மாதம் வேறு வீடு பார்த்துப் போனேன். எந்தப் பகுதி என்று இங்கே எழுதப்போவதில்லை.

கணக்கை மூட இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ஆப்பின் அடியிலும் அடியில், குறைதீர்க்கும் அதிகாரி என்று ஒருவருடைய மின்னஞ்சல் இருப்பதைக் கரமனைக்காரிதான் கண்டுபிடித்தாள். எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். மூன்றாம் தடவை எழுதும்போது, உங்கள் பாதுகாப்பு விதிகளில் வீட்டுக்குள் இருக்கும் ஆளுக்கு ஒரு வரிகூட இல்லை என்று எழுதி, பிறகு அதை அழித்துவிட்டு, கணக்கை மூடவும் என்று மட்டும் அனுப்பினேன். மூடிவிட்டோம், உங்கள் தேடல்களும் விருப்பங்களும் நீக்கப்பட்டன, ஆர்டர் பதிவுகள் சட்டம் கேட்கும் காலம்வரை மட்டும் பாதுகாப்பாக இருக்கும் என்று பதில் வந்தது. கீழே மனிதப் பெயர் எதுவும் இல்லை. படித்துவிட்டு, அந்தப் பிறக்காத குழந்தைக்கு அதன் கணக்கில் இப்போது எத்தனை வயது இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அதுவும் நீக்கப்பட்டிருக்கும்.

வலியசாலை முகவரி எங்கோ ஒரு கணினியில் இன்னும் இருக்கிறது. அங்கே நான் இல்லை. ஆனாலும் அது இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. கேட்டில் வண்டி நின்றால் இன்றும் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.

போன மாதம் சாலைக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். பிடித்த ஜோடியை எடுத்துக்கொண்டு பணத்தோடு கல்லாவுக்குப் போனதும், அங்கே உட்கார்ந்திருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே போன் நம்பர் கேட்டாள். எதற்கு என்றேன். பில் போட என்றாள். நம்பர் இல்லாமல் போடக் கூடாதா என்றேன். சிஸ்டம் எடுக்காது சேச்சி என்றாள். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் உச்சுக் கொட்டினார். நான் செருப்பைக் கல்லா மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். தரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அந்தப் பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, ஒன்றும் கேட்கவில்லை. விசைகளைத் தட்டினாள். பில் வந்தது.

வெளியே வந்து பார்த்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பத்து ஒன்பதுகள் இருந்தன. பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.